மிளகளவு துளை

ஒரு முகத்தின் நிறம் என்னவென்று தெரிய வேண்டுமானால், முதலில் அது முகம் என்பதை மறக்க வேண்டும். அதற்குத் தியானமெல்லாம் தேவையில்லை. ஒரு சாம்பல் நிற அட்டையில் மிளகு அளவுக்குத் துளை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தால் போதும். மூக்கு போய்விடும், சிரிப்பு போய்விடும், சொந்தபந்தமும் போய்விடும். துளைக்குள் ஒரு பொட்டு நிறம் மட்டும் மிஞ்சும். அதை அப்படியே குழைத்துத் தாளில் வைப்பதுதான் என் வேலை.

என் பெயர் கோகிலவாணி. கோயம்புத்தூரில் படம் வரைகிறேன். மலை, மயில், மாட்டுவண்டி எதுவும் என் படத்தில் இருக்காது. சதுரங்கள் இருக்கும், பட்டைகள் இருக்கும். ஒரே சாம்பலை இரண்டு இடத்தில் பூசி, ஒன்றைச் சுற்றி ஆரஞ்சும் மற்றதைச் சுற்றி நீலமும் வைத்தால், ஒரு சாம்பல் குளிர்ந்தும் இன்னொன்று சூடாகவும் தெரியும். பார்க்கிறவர் "ரெண்டும் வேற வேற" என்று சத்தியம் செய்வார். நான் துளை அட்டையைக் கையில் கொடுப்பேன். பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார். கண் எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்று கண்ணுக்கே காட்டிக்கொடுப்பது என் பிழைப்பு. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட வந்தது 'தெளிவி'.

தெளிவி என்பது கண்ணில் போடுகிற லென்ஸ். வெங்காயத் தோல் போல மெல்லிசு. அறையில் எரிவது மஞ்சள் வெளிச்சமா நீல வெளிச்சமா என்று அதுவே ஊகித்து, அந்தச் சாயத்தைக் கழித்துவிட்டு, எல்லாவற்றையும் நல்ல காலை வெயிலில் பார்ப்பது போலக் காட்டும். கடையில் பச்சை என்று எடுத்த புடவை வீட்டுக்கு வந்ததும் நீலமாகிற கூத்தெல்லாம் ஒழிந்தது. இரவில் லாரி ஓட்டுகிறவருக்கு எதிர் வண்டியின் வெளிச்சம் கூசாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது பிரித்துக் காட்டும். இதையெல்லாம் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் என் இரண்டு சாம்பலையும் அது அளந்து பார்த்து, இரண்டும் ஒன்றே என்று ஒன்றாகவே காட்டிவிடும். என் கடைசிக் கண்காட்சிக்கு வந்த ஊரே லென்ஸோடு வந்தது. படத்தைப் பார்த்தார்கள், மரியாதைக்குத் தலையாட்டினார்கள், டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த லென்ஸுக்கு மூளை எழுதியவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

என் தங்கை பிரேமா கீழ்வீட்டில் இருக்கிறாள், நான் மாடியில். அவள் வீட்டுக்காரர் காலமான பிறகு இரண்டு பேருக்கும் ஒரே சமையல். அவளுக்கு ஒரே மகள் தாரணி. தாரணியின் கணவர் சிபி, சரவணம்பட்டியில் தெளிவி கம்பெனியில் நிறப் பிரிவுக்குத் தலைவர். நல்ல பிள்ளை. பிறவியிலேயே சிவப்பு பச்சை தெரியாதவர். பள்ளிக்கூடத்தில் மரத்தின் இலைக்குச் செங்கல் நிறம் அடித்து வகுப்பே சிரித்ததாம். அந்த ரோஷத்தில் படித்து, கண்ணுக்கே கண் செய்துவிட்டார். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியத்தை, உங்க படத்தை எங்க லென்ஸ் ஒரே பார்வையில சரி பண்ணிருதுங்க" என்றார். "என்ற படத்துக்கு என்னங் மாப்ள சீக்கு, சரி பண்ண?" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு செல்லச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

தாரணியின் வளைகாப்பு அன்று அந்தச் சண்டைக்குப் புதுத் தீனி கிடைத்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சிபி 'வீட்டு முகம்' பற்றிச் சொன்னார்.

"வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கறதுதானுங்க கஷ்டம். எது வெளிச்சத்தோட சாயம், எது பொருளோட நிறம்னு லென்ஸு குழம்பிக்கும். அதுக்கு ஒரு பிடி வேணும். தினமும் பார்க்கற முகத்தைவிட நல்ல பிடி எது? வீட்டு ஆளுங்க முகத்தை நல்ல வெளிச்சத்துல ஒரு தடவை பதிஞ்சு வெச்சா, அப்புறம் எந்த வெளிச்சத்துல பார்த்தாலும் அந்த ஆளு அதே நிறத்துல தெரிவாங்க."

"ஆளு மாறுனா?"

"ஆளு எங்கீங்க மாறுது? வெளிச்சந்தான் மாறும்."

"அப்போ இவ முகத்தை எப்போ பதிஞ்சீங்க?" என்று தாரணியைக் காட்டினேன்.

சிபி வெட்கப்பட்டார். பதில் தாரணியிடமிருந்து வந்தது. "முகூர்த்தத்தன்னைக்கு, பெரியம்மா. மேக்கப்போட."

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கணவர்கள் எல்லாருக்கும் மனைவி எப்போதும் மணப்பெண். மாமியார்கள் மருமகளைப் பதிவதற்கு முன்னால் ஒரு கோட்டு பவுடர் கூடுதலாகப் போடச் சொல்கிறார்களாம். "கறுப்புன்னு ஒரு சொல்லே வீட்டுக்குள்ள வரமாட்டேங்குதுங்க அத்தை" என்றார் சிபி பெருமையாக. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிரேமாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சையின்போதே தெளிவியை உள்ளேயே பொருத்திவிட்டார்கள். அவள், "நல்லதுதானேக்கா, எல்லாரும் எப்பவும் நல்லாத் தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். வீட்டில் வெறுங்கண்ணோடு திரிந்தது நான் ஒருத்திதான்.

தாரணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சிறிது நேரத்திலேயே சிபி அவன் முகத்தைப் பதிந்துவிட்டார், ரோஜாப்பூப் போல இருந்தபோதே. குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே கணக்கு என்பதால் தாரணி, பிரேமா லென்ஸ்களுக்கும் அது போய்விட்டது.

நான் என் பங்குக்கு ஒரு பரிசு யோசித்திருந்தேன். பெயர் சூட்டும் அன்று தொட்டிலுக்கு மேலே மாட்ட ஒரு படம். அவன் நெற்றி, நெஞ்சு, உள்ளங்கால், இந்த மூன்றின் நிறத்தையும் தினமும் துளை வழியாகப் பார்த்துக் குழைத்து, சதுரம் சதுரமாக வைத்துக்கொண்டே போவது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை. ஒரு மனிதன் உலகத்துக்கு வந்து நிலைக்கிற நிறம் அதில் வளரும். ஆஸ்பத்திரியிலேயே முதல் வரிசையை முடித்தேன். வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, ஒரு துளி மண்நிறம். அழகான நிறம்.

வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் தீட்டுக் கழியும் வரை வெளியாட்கள் பச்சைக் குழந்தையைப் பார்க்கக் கூடாது. ஊர்க்கண் பொல்லாதது. பிரேமா இதில் கண்டிப்பானவள். பக்கத்து வீட்டு அம்மா பால் பாத்திரத்தோடு வாசலில் நின்றாலும் உள்ளறைக் கதவைச் சாத்திவிடுவாள். "பேர் வெக்கிற வரைக்கும் போட்டோ கூட வெளியே போகக் கூடாது" என்று மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டாள். ஆகக் குழந்தையைப் பார்த்தது நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் லென்ஸ் வழியாக.

வீட்டில் போட்ட முதல் வரிசையில் நெற்றிச் சதுரத்துக்கு மஞ்சள் கொஞ்சம் கூடத் தேவைப்பட்டது. பிறந்த பிள்ளைக்கு லேசாக மஞ்சள் காண்பது வழக்கம்தான், காலை வெயில் காட்டினால் போய்விடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வரிசையில் நெஞ்சுச் சதுரமும் மஞ்சளுக்குப் போனது. ஜன்னல் திரை காரணமாக இருக்குமோ என்று திரையைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் தாளைக் கன்னத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தாள் வெள்ளையாக இருந்தது, கன்னம் இல்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் உள்ளங்காலைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள்.

மஞ்சள் நெற்றியில் நிற்கும் வரை பயமில்லை, காலுக்கு இறங்கினால் விளையாட்டு இல்லை என்று பிள்ளை பெற்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போனால் மூளையைத் தொட்டுவிடும். பிறகு காதுக்கும் கைக்கும் காலுக்கும் உத்தரவாதம் இல்லை.

"பிரேமா, பையனுக்கு மஞ்சக்காமாலை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்."

பிரேமா தூளியைப் பிரித்துப் பார்த்தாள். "எங்க மஞ்ச? என்ற பேரன் ரோஜாப்பூவாட்டம் இருக்கான். நேத்துக் குளிப்பாட்டறப்போ கஸ்தூரி மஞ்சள் போட்டேன், அது உன்ற கண்ணுக்குத் தெரியுதாட்டம் இருக்குது."

"அது உள்ளங்கால்ல எப்படி வரும்?"

"குளிக்கறப்போ காலை கழட்டியா வெப்பாங்க?"

தாரணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "பெரியம்மா, பயமுறுத்தாதீங்க. அவன் சமத்தாத் தூங்கறான். அழுகையே இல்லை."

"அதுதான் சாமி எனக்குப் பயம். பால் எத்தனை தடவை குடிச்சான்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "எழுப்பினாலும் குடிக்காமத் தூங்கிடறான். தூக்கக்காரப் பையன்" என்றாள் பிரேமா சிரித்துக்கொண்டே. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

போனில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டினேன். போட்டோவிலும் இருப்பது அதே பதிந்த முகம்தானே. லென்ஸ் அதையும் திருத்திக் காட்டியிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது. "நல்லாத்தானே இருக்கான்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னபோது எனக்கே ஒரு கணம் என் கண் மேல் சந்தேகம் வந்தது. டாக்டருக்கு அனுப்புகிறேன் என்றதும் பிரேமா போனைப் பிடுங்கிக்கொண்டாள். லென்ஸைக் கழற்றிப் பார் என்றால், தாரணிக்குப் பார்வைப் பவரும் அதில்தான், அது இல்லாமல் எதிரில் இருக்கும் கையே மங்கல். பிரேமாவுக்குக் கழற்றவே முடியாது.

மாடிக்கு ஓடிப் போய்ப் படத்தை எடுத்து வந்தேன். அந்த நேரம் சிபியும் ஆபீசுக்குக் கிளம்பி வந்து நின்றார். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். மேல் வரிசை ரோஜா. கீழே வர வர எலுமிச்சம்பழம்.

மூன்று பேருக்கும் அந்த மஞ்சள் நன்றாகவே தெரிந்தது. சதுரத்துக்கு முகம் இல்லையே, லென்ஸ் அதைத் தொடவில்லை. அதுவே எனக்கு எதிராகத் திரும்பியது.

"ஏன் பெரியம்மா எம்பையனை இப்படி வரைஞ்சிருக்கீங்க?" தாரணியின் குரல் உடைந்தது.

"பெரியத்தை," என்றார் சிபி நிதானமாக, "தப்பா நினைக்காதீங்க. வயசானா கண்ணோட சொந்த லென்ஸே மஞ்சளாயிரும். எல்லாமே மஞ்சளாத் தெரியும். ஒருக்கா செக்கப் பண்ணிக்கலாங்க."

நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. கையில் துளை அட்டை இருந்தது. அதை அவர் முன்னால் நீட்டினேன்.

"மாப்ள, எனக்குக் கண்ணு போச்சுன்னே வெச்சுக்கலாம். உங்க லென்ஸுக்குப் போகலையே? அதோடயே பாருங்க. ஒரு கண்ணை மூடிட்டு, இந்தத் துளை வழியா, அவன் கன்னத்தை மட்டும்."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் வாங்கினார். தூளியின் மேல் குனிந்தார். அட்டையைக் கண்ணருகே வைத்தார்.

அப்படியே நின்றார். அட்டையை எடுத்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி அட்டையை வைத்தார். எடுத்தார். வைத்தார்.

"எடுத்தா ரோஜா," என்றார். "வெச்சா..."

"வெச்சா?"

அவர் என் படத்தின் கடைசி வரிசையைத் தொட்டார். "இதுதானுங்க."

தாரணி எழுந்து வந்து அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். குழந்தையை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"என்னடி நடக்குது இங்க?" என்றாள் பிரேமா.

சிபி எங்கள் யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "துளை வழியா வர்றது முகமில்லீங்க. அதனால லென்ஸுக்கு ஆளு அடையாளம் தெரியறதில்லை, உள்ளதைக் காட்டிருது. முழுசாப் பார்த்தா அது நம்ம பையன். அவன் மேல ஏறுன மஞ்சளை வெளிச்சத்தோட சாயம்னு நினைச்சுக் கழிச்சுருது. அவன் எவ்வளவு மஞ்சளானாலும் அவ்வளவையும் கழிச்சிட்டே இருக்கும். வேத்து ஆளு யாரு பார்த்திருந்தாலும் வாசல்லயே சொல்லியிருப்பாங்க. பதியாத முகமில்லீங்களா, அவங்களுக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "வீட்டு முகம், அது என்னோட யோசனைதானுங்க."

"அதைக் காருல வெச்சு அழுதுக்கலாம். சாவியை எடுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மா எங்களைத் திட்ட வாயெடுத்து, தாரணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "இன்னைக்கே வந்தீங்களே, அந்த மட்டும் சரி" என்றார். "மூளைக்கு ஒண்ணும் ஆகலை. விளக்கு வெச்சாப் போதும்."

அந்த விளக்கு நீலம். மஞ்சளுக்கு நேர் எதிர் நிறம். வாழ்நாள் முழுக்க நான் தாளில் எதிரெதிராக வைத்து விளையாடிய இரண்டு நிறங்கள் அங்கே ஒரு பிள்ளையின் தோலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நீலத்தின் பக்கம் நின்று நான் வேண்டிக்கொண்டேன்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தாரணி நின்றாள். "எனக்கு இப்பவும் அவன் ரோஜாவாத்தான் தெரியறான்" என்றாள். "நீல வெளிச்சத்துலகூட. எனக்கு இது வேண்டாங்க. எடுத்துடுங்க."

சிபி போனை எடுத்துக் குடும்பக் கணக்கில் வெளிச்சத் திருத்தத்தையும் வீட்டு முகத்தையும் அணைத்தார். எல்லாருக்கும், எல்லா முகங்களுக்கும். பிரேமா மட்டும் "எனக்கெதுக்கு மாப்ள" என்று முணுமுணுத்தாள். அவர் கேட்கவில்லை.

தாரணி திரும்பிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "ஏனுங்க, இங்க பாருங்க. கண்ணனாட்டம் நீலமா இருக்கான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்வதற்காக எங்கள் பக்கம் திரும்பினாள். பிரேமா நடைவழி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாரணியின் சிரிப்பு நின்றது.

"அம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"ஏம்மா இப்படிக் காகிதமாட்டம் வெளுத்துக் கிடக்கறீங்க?"

சிபியும் பார்த்தார். அவர் முகமும் மாறியது. நான் திரும்பிப் பிரேமாவைப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற பிரேமாதான். மாநிறம், நெற்றியில் திருநீறு, அதே சிடுசிடுப்பு. பிள்ளையைப் பற்றிய பயத்தில் இதுகளுக்கு எல்லாமே நோயாகத் தெரிகிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, கை பழக்கத்தில், அட்டையைக் கண்ணுக்குக் கொண்டு போனேன்.

துளைக்குள் பிரேமா இல்லை. அணைந்த மெழுகுவத்தியின் நிறம் இருந்தது. உதட்டுக்கு நகர்த்தினேன். அங்கேயும் அதுவேதான். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பே இல்லை.

அட்டையை இறக்கினேன். மறுபடி மாநிறம். மறுபடி என் தங்கை.

என் கண்ணில் லென்ஸ் இல்லை. ஒரு கம்பெனியும் எனக்கு எதையும் பதிந்து கொடுக்கவில்லை. தினமும் மூன்று வேளை எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள் என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். அவள் முகத்தை நான் எப்போதோ பதிந்து வைத்துக்கொண்டு, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன்.

முட்டிவலிக்கு வருஷக்கணக்காக விழுங்கிய மாத்திரை வயிற்றில் புண்ணாக்கி, ரத்தம் உள்ளேயே கசிந்துகொண்டிருந்ததாம். இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. கட்டிலில் ரத்தப் பை தொங்க, ஊசி குத்திய கையை ஆட்டாமல் படுத்திருந்தவளிடம் கேட்டேன். "உனக்கே தெரியலியா பிரேமா? கண்ணாடி பார்க்கறதில்லையா?"

"தினமும் பார்த்தேன்க்கா" என்றாள். "கண்ணாடில நல்லாத்தான் இருந்தேன்."

சிபி அறை மூலையில் நின்றிருந்தார். அந்தப் பதில் அவரை எங்கே அடித்தது என்று பார்க்கத் துளை அட்டை தேவைப்படவில்லை.

அவர் கம்பெனியில் போராடினார். பச்சைக் குழந்தைகளுக்கு வீட்டு முகம் கூடாது என்பது உடனே நிறைவேறியது. பெரியவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் உள்ளபடி காட்ட வேண்டும் என்று ஒப்புதலும் வாங்கிவிட்டார். முதல் வாரமே புகார் குவிந்தது. என் வீட்டுக்காரி முகத்துக்கு என்னாச்சு என்று ஒருவர். என் மகன் ஏன் கறுத்துவிட்டான் என்று இன்னொருவர். பெரும்பாலானவர்கள் அதை அணைத்துவிட்டார்கள்.

"ஜனங்களுக்கு வேண்டாமாமுங்க அத்தை" என்றார் சிபி ஓய்ந்துபோய்.

"ஜனங்களுக்கு என்ற படமுந்தான் வேண்டாம். நான் வரையறதை நிறுத்திட்டனா? நாளைக்கும் போயி சண்டை போடுங்க."

போட்டார். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதற்கிடையே பெயர் சூட்டு விழா வந்தது. குழந்தைக்கு ஆதவன் என்று பெயர் வைத்தார்கள். பிரேமா சொல்லி எனக்குப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டென்றால் அது அன்று சொன்னதுதான். யாரோ ஒரு பாட்டியம்மா, "பிள்ளைக்கு மை பெருசா வைங்க, கண்ணு பட்டுரும்" என்றதற்கு, "படட்டுமுங்க. எல்லார் கண்ணும் படட்டும். வந்து நல்லாப் பாருங்க" என்று தொட்டில் துணியை அகல விரித்துக் காட்டினாள். வந்த கூட்டம் முழுக்க வரிசையில் நின்று பார்த்தது.

தொட்டிலுக்கு மேலே என் படம். ரோஜாவில் தொடங்கி மஞ்சளுக்குப் போய், அங்கிருந்து அவன் சொந்த மாநிறத்துக்கு வந்து நிற்கிற வரிசைகள். அதன் பக்கத்தில் இன்னொரு பத்தி, பிரேமாவுடையது. சாம்பலில் தொடங்கி மெல்ல மெல்லச் சிவப்பேறுகிறது. வழக்கம்போல ஒருவர் வந்து, "ஏனுங்க, டைல்ஸ் சாம்பிளா?" என்றார். "ஆமாங்க, எங்க வீட்டுக்குப் போட்டது" என்றேன். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலையோடு ஒரு சாம்பல் அட்டையும் இருந்தது. நடுவில் மிளகளவு துளை. பிள்ளைகள் வாசலிலேயே அதை எடுத்து ஒருவரை ஒருவர் பார்த்து விளையாடிக்கொண்டு போயின.

கூட்டம் கலைந்தது. நான் மிச்சம் இருந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிரேமா ஒன்றை எடுத்தாள்.

"எல்லாரையும் நீ பார்த்துட்டே. உன்னை யாருக்கா பார்க்கறது?"

"எனக்கென்ன? கல்லாட்டம் இருக்கேன்."

"கல்லோ மண்ணோ, சித்த நேரம் வாயை மூடிட்டு வெளிச்சத்துல நில்லு."

ஜன்னல் பக்கம் நின்றேன். அவள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, மகா கலைஞி போல, என் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். கன்னம், மூக்கு, உதடு. எத்தனையோ பொருளை, எத்தனையோ முகத்தை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அட்டை என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

"என்னடி?"

"கண்ணு வெள்ளை, வெள்ளையா இல்லக்கா" என்றாள் மெதுவாக. "லேசா மஞ்ச தட்டுது."

"வெயில் சாயமா இருக்கும். ஜன்னல்ல இப்போ மஞ்ச வெயில்தானே அடிக்குது."

பிரேமா அடுக்கில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, என் கன்னத்தின் பக்கத்தில் பிடித்து, மறுபடி துளை வழியாகப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். அந்த வித்தையை அவள் என்னிடமிருந்து எப்போது பிடித்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

"தாள் வெள்ளையா இருக்குதுக்கா" என்றாள்.

என் கண்ணை நம்புங்கள் என்று ஊரோடு சண்டை போட்டவள் நான். என் கண்ணை எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரிகிறது.

"சரி" என்றேன். "காலைல போலாம். நீயும் கூட வா."